பூவா தலையான்னு திருப்பிப் பாக்க வேண்டிய கலை

இத்தாலிய ஓவியர் பிசானெல்லோ பண்ணின மெடல்களப் பத்தி எழுதுறவங்க பாதிப் பேரு முகம் இருக்குற பக்கத்த மட்டும் போட்டுட்டுப் போயிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். மெடல்னா நமக்கு ரிப்பன்ல கோத்து கழுத்துல போடுறதுதான் ஞாபகம் வரும், ஆனா 15ஆம் நூற்றாண்டு இத்தாலில இது கைல வச்சு திருப்பித் திருப்பிப் பாக்குற பொருள். தலைப் பக்கம் ஆளோட முகம், பூப் பக்கம் அந்த ஆளப் பத்தின ஒரு காட்சி. ரெண்டும் சேந்தாதான் அது முழு உருவம்.

1438ல பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பாலியோலோகஸ் சர்ச் மாநாட்டுக்காக இத்தாலில இருக்குற ஃபெராரா நகரத்துக்கு வந்தப்போ அவர வச்சு பிசானெல்லோ பண்ணினதுலதான் இந்தக் கலையே தொடங்குதுன்னு சொல்லலாம். சுமார் 10 சென்டிமீட்டர் வட்டம், அதுல அந்த உயரமான கூர்முனைத் தொப்பி! திருப்பினா அதே ராஜா குதிரை மேல, வழியோரச் சிலுவை முன்னாடி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறார்.

நாணயம் மாதிரி அடிச்சு எடுக்குறது இல்ல இது. மெழுகுல உருவம் வடிச்சு, அச்செடுத்து, வெண்கலம் ஊத்தி, ஆறினதுக்கப்புறம் சின்ன உளியால சீர் பண்ணுவாங்க. அதனாலதான் கன்னம் அப்படியே மெதுவா பின்னணில கரையுது. அந்த மெடல்லேருந்தே திரும்ப அச்செடுத்து வார்த்தா உலோகம் ஆறும்போது சுருங்கி அளவு கொஞ்சம் கொறையும், நுணுக்கமும் மழுங்கும், பிற்காலப் பிரதிகள அடையாளம் காண அதுவும் ஒரு வழி.

எனக்கு உயிரு செசிலியா கொன்சாகா மெடல்தான். மாந்துவா பிரபுவோட பொண்ணு, கிரேக்கம் படிச்சவ, அப்பா பாத்த மாப்பிள்ளைய வேண்டான்னு சொல்லிட்டு, அப்பா செத்தப்புறம் 1445ல கன்னியர் மடத்துக்குப் போயிட்டா. மெடல் 1447ல வருது, ஆனா முகத்துப் பக்கம் மடத்து உடுப்பு இல்ல, ராஜகுமாரி டிரஸ், தலைமுடிய இழுத்துக் கட்டி, பக்கவாட்டுல நேராப் பாத்துக்கிட்டு இருக்கா. இதோட நிறுத்தினா ஒரு பணக்கார வீட்டுப் பொண்ணு, அவ்வளவுதான்.

திருப்புங்க. பாறைங்க, மேல பிறை நிலா, அரைகுறைத் துணியோட ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, பக்கத்துல யூனிகார்ன், அதான் அந்த ஒத்தைக் கொம்புக் கற்பனை மிருகம். கன்னிப் பொண்ணுகிட்ட மட்டும்தான் அது அடங்கும்னு ஐரோப்பால ஒரு நம்பிக்கை. நாம கற்பன பண்ற வெள்ளைக் குதிரை இல்ல இது, சடை சடையா முடி தொங்குற பெரிய ஆடு, அவ கை அது மேல இருக்கு, அவ்ளோ காட்டு மிருகம் அசையாம படுத்திருக்கு. சுத்தி எவ்ளோ வெத்திடம் விட்ருக்காரு பாருங்க! 9 சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டத்துல ராத்திரியோட அமைதி முழுசும் இருக்கு. வேண்டான்னு சொன்ன ஒரு பொண்ணோட மனசு, அவ முகம் இல்லாத பக்கத்துல!

மியூசியங்க இத கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுக்க வைக்காதீங்க, நிமித்தி வச்சு ரெண்டு பக்கமும் சுத்தி வந்து பாக்க விடுங்க. அந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு கல் தூண் இருக்கு, அதுல லத்தீன்ல எழுதியிருக்கு, ஓவியன் பிசானோவின் படைப்புன்னு, பிசானோன்னா நம்ம பிசானெல்லோதான். வெண்கலத்துலயும் அந்த மனுஷன் தன்ன ஓவியன்னுதான் சொல்லிக்கிறாரு, முகத்துப் பக்கம் மட்டும் பாத்தவங்களுக்கு அந்தக் கையெழுத்துகூட கண்ணுல படாது.