கண்மாய்க்குப் பணம் வருகிறது, நீர்ப்பாய்ச்சிக்கு?

கோடை வந்தால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாயில் ஜேசிபி இறங்கிவிடும். தூர் வாருவார்கள், கரையை உயர்த்துவார்கள், சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவார்கள். வேண்டிய வேலைதான், 2017இல் குடிமராமத்து, அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கிற ஏற்பாடு, திரும்ப வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சுகிற ஆளான நீர்ப்பாய்ச்சிக்குச் சம்பளம் ஒதுக்க இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் பக்கத்து விவசாயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழும்பும். மார்கழியில் மழை ஓய்ந்துவிடும். நெல் பொதி கட்டி, கதிர் வந்து, பால் பிடிக்கிற நேரத்துக்குக் கண்மாயை விட்டால் வேறு கதியில்லை. அப்போது தண்ணீர் தவறினால் அறுப்பது பதர்தான். போர்வெல் போடலாமே என்பார்கள். கடலோரம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு.

கண்மாய் நிறைந்திருந்தால் நீர்ப்பாய்ச்சிக்குப் பெரிய வேலை இல்லை. பாதிக்குக் கீழே இறங்கியதும் ஊர் கூடி யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கும், அதிலிருந்து ராத்தூக்கம் போய்விடும். எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, எந்த வயல் இன்னும் இரண்டு நாள் தாங்கும், எது தாங்காது என்பதெல்லாம் அவர் கணக்கு. ஒரு வயலில் குறுகிய நாள் நெல் முற்றியிருக்கும், அதற்குத் தண்ணீர் போதும். கடைசி வயலில் இப்போதுதான் கதிர் எட்டிப் பார்க்கும். இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நிலத்துக்காரர் தானாக மடையில் கை வைக்கக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. கடைசி வயல்காரருக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது அதனால்தான்.

நீர்ப்பாய்ச்சி இல்லாத ஊரில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மடையோரத்து வயலில் தண்ணீர் நிற்கும், கடைசி வயல் வெடித்துக் கிடக்கும். வசதி உள்ளவர் ஆயில் இன்ஜினை வைத்துக் கண்மாயிலிருந்து நேராக இறைப்பார். இல்லாதவர் பயிரில் ஆட்டை விடுவார்.

2016 மாதிரி வருடத்தை நான் சொல்லவில்லை. அந்த வடகிழக்குப் பருவமழை 62% குறைந்து, தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். அதில் எந்த முறையும் காப்பாற்றாது. நான் சொல்வது அரைக் கண்மாய் வருடங்களை. நமக்கு அதிகம் வாய்ப்பது அவைதான், பங்கீடு கைகொடுப்பதும் அவற்றில்தான். இலங்கையின் குளத்து ஊர்களில் இப்படிப்பட்ட வருடத்துக்கு ‘பெத்ம’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. குளத்தில் பாய்கிற நிலமான ஆயக்கட்டில் ஒரு பகுதியை மட்டும் பயிர் செய்வார்கள். அதை எல்லாப் பங்காளர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள்.

நீர்ப்பாய்ச்சி முறையைப் பழம்பெருமையாகப் பேச எனக்கு மனமில்லை. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவை பெரும்பாலும் தலித் குடும்பங்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். பெரிய ஆள் வயலுக்கு முறை இல்லை என்று சொல்லிவிட்டு ஊரில் நிம்மதியாக இருப்பது அவர்களுக்கு எளிதாகவா இருந்திருக்கும்? அந்த வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனது சரிதான். பழைய மாதிரியே வா என்று கூப்பிட யாருக்கும் உரிமை இல்லை.

அதனால்தான் சம்பளம் என்கிறேன். பாசனம் தெரிந்த யாரும், எந்தச் சாதியாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, விண்ணப்பிக்கிற வேலையாக இருக்க வேண்டும். கையில் நியமன ஆணை இருந்தால், ராத்திரி வாய்க்காலை வெட்டுகிறவரைத் தைரியமாகத் தடுக்க முடியும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அவற்றின் வழியாகவே நியமிக்கலாம். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100% மானியம் கொடுக்கிற அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. எந்தக் கண்மாயைத் தூர் வாரினாலும், அந்த மதிப்பீட்டிலேயே ஐப்பசி முதல் மாசி வரை நீர்ப்பாய்ச்சிக்குச் சம்பளம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அடுத்த கிராமசபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகக் கேட்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.