மலையகத்துக்கு டவர் வேண்டாம் என்று ஜெனீவா சொல்லவில்லை

"ஏழை நாடுகளுக்குப் பழைய தொழில்நுட்பமே போதும் என்று ஜெனீவாவில் முடிவெடுத்துவிட்டார்கள், தோட்டங்களுக்கு இனி போன் டவர் வராது" என்று ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இது பொய்.

ஜெனீவாவில் இருப்பது 1865இல் தொடங்கிய சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம். இப்போது அது ஐ.நா. அமைப்பு. அது எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது. 2002இல் மராக்கேஷ் மாநாட்டில் நிறைவேறிய 123ஆம் தீர்மானம், தொழில்நுட்பத் தரங்கள், அதாவது கருவிகளும் வலையமைப்புகளும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதற்கான பொது விதிகள், விஷயத்தில் வளரும் நாடுகள் பின்தங்கியிருக்கும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் என்று அங்கே கிடையாது. வாக்கெடுப்பு வந்தால் அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு, இலங்கைக்கும் ஒரு வாக்கு.

எந்த மலையில் டவர் எழும்ப வேண்டும் என்று அந்த ஒன்றியம் சொல்வதே இல்லை. அலைவரிசையை ஒதுக்குவது இங்குள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. டவர் கட்டுவது கம்பனிகள். அப்புறம் மலை இருக்கிறதே! ரேடியோ அலை அதைத் துளைத்துக்கொண்டு வராது. அந்தப் பக்கம் டவர் நின்றாலும் பள்ளத்து லயத்தில் சிக்னல் விழுவது கஷ்டம். கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்று ஒன்லைன் பாடம் படித்ததை மறக்க முடியுமா?

சிக்னல் இல்லாத தோட்டத்தின், டிவிஷனின் பெயரை எழுதி அந்த ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். குரல் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.