நாவல் வரிசை இன்னும் முடியவில்லை

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முடிவு, அதன் மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் இருப்பதுதான், அதையே படமாக்கினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை நண்பர்களே. தொடர் 2019 மே மாதம் முடிந்தது. நாவல் வரிசையில் கடைசியாக வந்த ஐந்தாம் புத்தகம் 2011-இல் வெளியானது; ஆறாவது இன்னும் வரவில்லை.

ஐந்தாம் புத்தகம் கிடைத்தால் கடைசி அத்தியாயங்களைப் புரட்டிப் பாருங்கள். முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான ஜான் ஸ்னோ தன் ஆட்களிடமே கத்திக்குத்து வாங்கிப் பனியில் முகங்குப்புற விழுகிறான். அரியணைக்கு உரிமை கோரும் டெனேரிஸ் கடலுக்கு அந்தப் பக்கம், புல்வெளியில் பசியோடு அலைகிறாள். அந்த அரியணை இருக்கும் வெஸ்டெரோஸ் கண்டத்துக்கு அவள் இன்னும் திரும்பவே இல்லை. தொடரின் இறுதிக்கட்டத்தில் வருவதுபோல் தலைநகர் எரிவது அச்சான எந்தப் பக்கத்திலும் கிடையாது.

முக்கியமான சில திருப்பங்களை மார்ட்டின் தொடர்க்குழுவிடம் முன்பே சொல்லியிருந்தார், அது உண்மை. ஆனால் ஏமாற்றம் தந்த அந்தக் கடைசிக் காட்சிகளை எழுதியது திரைக்கதைக் குழுதான்.