பச்சைப் படிவும் பிளாஸ்டிக் உறையும்

ஊட்டி, குன்னூர் மழையீரத்தில் நாணயங்களை வளைந்து கொடுக்கும் மென்மையான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்தால் பச்சைப் படிவு வராது என்று நாணயம் சேகரிப்போர் சிலர் கருதுகிறார்கள். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அத்தகைய உறைகள் பல பி.வி.சி. (பாலிவினைல் குளோரைடு) என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை, அதை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள்கள் காலப்போக்கில் கசிவதோடு, அது சிதையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு மலைக்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பு நாணயங்களையும், சிறிதளவு செம்பு கலந்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களையும் அரித்துப் பிசுபிசுப்பான பச்சைப் படலத்தை உண்டாக்குகிறது.

ஐயமிருப்பின், சுத்தமான செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் வெட்டிய துண்டைத் தொட்டு, மீண்டும் நிறமற்ற சுடரில் காட்டிப் பாருங்கள். சுடர் பச்சையானால் அதில் பி.வி.சி. இருக்க வாய்ப்பு மிகுதி. (புகை நல்லதல்ல, திறந்த வெளியில் செய்யவும்.) தூய பாலியெஸ்டர் உறையில் இந்தப் பச்சை தோன்றாது.