ஆபரேஷன் என்றாலே ஆட்டம் முடிந்ததா?

தம்பி, "இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றாலும் எண்ணெய்க் கட்டே போதும், ஆபரேஷன் செய்தால் விளையாட்டு முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே தவறு. காரைக்குடியில் கபடி ஆடிய என் அக்கா மகன் இதை நம்பித்தான் ஆறு மாதம் கட்டுப் போட்டான். கடைசியில் திண்ணையில் சம்மணம் போடக்கூட முடியாமல் காலை நீட்டியே உட்கார்ந்திருப்பான். மேலே தடவும் எண்ணெய் அந்த எலும்புக்கு எட்டாது. இந்தப் பாதிப்பு தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தொடை எலும்பின் மேல்நுனியில் இருக்கும் பந்துமுனை நொறுங்குவதற்குள் கண்டுபிடித்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம், நொறுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டு மாற்றுதான். சரி, ஆபரேஷனுக்கு அப்புறம் ஆடவே முடியாதா? பிரிட்டன் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டுக்கு உலோக உறை போட்டுக்கொண்டு அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் போட்டியில் பட்டம் வென்றார். அவர் ஆடியது டென்னிஸ். விழுந்து புரளும் கபடிக்குத் திரும்பலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.