பதக்கம் இல்லை, ஆனாலும் பெரிய ஓட்டம்
அண்ணே, 'நம்ம மதுரை ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் தனி ஓட்டத்தில் பதக்கம் வாங்கினார்' என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. சக்கிமங்கலம் ரேவதி வீரமணி ஓடியது 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில், அதாவது ஆண்களும் பெண்களுமாக நால்வர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் அணிப் போட்டியில். முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் மற்ற மூவர். 2021 ஜூலை 30 அன்று நடந்த தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 19.93 விநாடி எடுத்து, இறுதிக்குப் போகாமல் அணி வெளியேறியது.

அதற்காக அவர் சாதனை குறைந்துவிடவில்லை. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை பார்த்துப் பாட்டிதான் வளர்த்தார். பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடியில் முடித்துதான் அணிக்குள் வந்தார். அப்புறம், அணியில் இருந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதைப் போட்டிருந்தாலே பதிவு பிய்த்துக்கொண்டு போயிருக்குமே அண்ணே!