தன்னை அறியும் மூளையும் தலையில் காயப்பட்டவர்களும்

போரில் தலைக்குள் பாய்ந்த எறிகணை (செல்) துண்டுகளோடு வாழும் ஒருவரைப் பற்றி இலங்கையின் வன்னியில் வீட்டார் பேசும்போது, "முந்தி இப்பிடி இல்லை, இப்ப சொன்னாலும் ஒத்துக்கொள்ளுறார் இல்லை" என்று மனம் நொந்து சொல்வார்கள். அதற்கு நாம் பிடிவாதம் என்றோ திமிர் என்றோ பெயர் வைத்துவிடுகிறோம். தன்னைத் தான் அறிவதும் மூளை செய்யும் வேலைதான் என்பதும், காயம் அந்த வேலையையே குலைத்துவிடக்கூடும் என்பதும் இங்கே போதியளவு பேசப்படவில்லை.

பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்திருந்தும், தமக்கு ஒரு குறையும் இல்லை என்று மனதார நம்பிய நோயாளிகளைப் பற்றி பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914 இல் எழுதினார். பெரும்பாலும் மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களிடமே இந்நிலை காணப்படுகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. உடம்பு மாறிவிட்டது என்ற செய்தியைக் கொண்டு தம்மைப் பற்றிய பழைய எண்ணத்தைத் திருத்திக்கொள்ள அவர்களின் மூளைக்கு முடிவதில்லை.

கனடாவில் கே.சி. என்ற எழுத்துகளால் ஆய்வுலகம் அறிந்த ஒருவரின் கதை இன்னும் ஆழமானது. 1981 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை சேதமடைந்த பின்னர், தம் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்வைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. விபத்து அவருடைய சுபாவத்தையும் மாற்றியிருந்தது. ஆனால் உளவியலாளர் என்டெல் டல்விங் அவரிடம் அவருடைய குணங்களைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன விடைகள், விபத்துக்குப் பின்னர் அவர் எப்படி இருக்கிறார் என்று அவருடைய தாய் சொன்னவற்றோடு பெரிதும் பொருந்தின. நடந்தவை ஒன்றும் நினைவில்லாமலே, தான் இப்போது எப்படிப்பட்டவன் என்ற அறிவை அவர் புதிதாகப் பெற்றிருந்தார். ஆகவே நினைவிழந்தவரைத் தன்னையே இழந்தவராக நடத்துவது பெரும் அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு குணச்சொல்லைக் காட்டி, இது உமக்குப் பொருந்துமா என்று கேட்டால், நெற்றிக்குப் பின்னே, இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கியிருக்கும் உட்பகுதியின் செயற்பாடு வேறுபடுவதை 2002 இல் வெளிவந்த மூளைப்பட ஆய்வொன்று காட்டியது. வேறொருவரைப் பற்றிக் கேட்டபோது அப்பகுதி அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. தன்னறிவு முழுவதும் அந்த ஓரிடத்திலேயே குடியிருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மூளையின் முன்பகுதியில் அடிபட்ட பலர், தமது கோபத்தையும் அவசரத்தையும் தாமே காணாதிருப்பதும், அவற்றை வீட்டார் தெளிவாகக் காண்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த விடயம்.

அதனால்தான் கிளினிக்கில் நோயாளியிடம் மட்டும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, "ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற பதிலை எழுதிக்கொண்டு அனுப்புவது போதாது என்கிறேன். கூட வந்த தாயிடமோ மனைவியிடமோ தனியாகவும் கேட்க வேண்டும். ஒரே அறைக்குள் அவர் முன்னிலையில் கேட்டால், அவர் அவமானப்படுவார், அவர்களும் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். மனநலப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போகும்போதும், போர் முடிந்த 2009 க்கு முன்னர் இவர் எப்படிப்பட்டவர், இப்போது எது மாறியிருக்கிறது என்ற கேள்வியை வீட்டாரிடம் கேட்டுப் பதிவு செய்யட்டும்.